கோவை தூரம்தான் யாழ்ப்பாணம்!

திருச்சியிலிருந்து கோவை எவ்வளவு தூரம்? ஆகாய மார்க்கமாக அளந்தால் சுமார் 185 கிலோ மீட்டர்.

திருச்சியிலிருந்து யாழ்ப்பாணம்? அதுவும் சுமார் 185 கிலோ மீட்டர்தான்!

சென்னைதான் அதிக தூரம். திருச்சி விமான நிலையத்திலிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 295 கிலோ மீட்டர்.

2025 மார்ச் 30-ந் தேதி திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நேர் விமானப் போக்குவரத்து தொடங்கியது. பயண நேரம் சுமார் ஒரு மணி.

ஒரு மணி ஏன்?

இந்த வழியில் விடப்பட்டது ஏ.டி.ஆர். ரகத்தைச் சேர்ந்த விசிறி விமானம். மணிக்குச் சுமார் 500 கிலோ மீட்டர் வேகத்தில் பறக்கக் கூடியது. அப்படியானால் 185 கிலோ மீட்டரை சுமார் 22 நிமிஷத்தில் கடந்துவிடலாமே?

முடியாது. நின்ற இடத்திலிருந்து விமானம் நகர்வது முதல், அக்கரையில் போய் நிற்பது வரை உள்ள நேரமே அட்டவணையில் வரும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போக வேண்டும். உயரே ஏற வேண்டும். முழு வேகம் பிடித்த சிறிது நேரத்தில் இறங்கத் தொடங்க வேண்டும். தாமதத்துக்கென்றும் சில நிமிஷங்களை ஒதுக்குவார்கள். தூரம் குறைந்தாலும் இந்த நிமிஷங்கள் குறைவதில்லை.

அந்த நாள் விமானம்

யாழ்ப்பாண விமான நிலையம் பலாலியில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படை அமைத்தது. 1947 டிசம்பர் 10-ந் தேதி "ஏர் சிலோன்" தன் முதல் விமானத்தை விட்டது. கொழும்பிலிருந்து புறப்பட்ட அந்த விமானம், யாழ்ப்பாணத்தில் இறங்கி, பிறகு சென்னைக்கு வந்தது!

1983-ல் மூண்ட உள்நாட்டுப் போர் இந்த வழியை அடைத்தது. பலாலி ராணுவத்தின் பிடிக்குள் போயிற்று. யாழ்ப்பாணத்தார் திருச்சிக்கு வர வேண்டுமானால், முதலில் தெற்கே சுமார் 400 கிலோ மீட்டர் பயணம் செய்து கொழும்பு போக வேண்டும். அங்கே விமானம் ஏறி, மறுபடி வடக்கே வர வேண்டும்!

போர் 2009-ல் முடிந்தது. ஆனாலும் பத்தாண்டு கழித்து, 2019 அக்டோபர் 17-ந் தேதிதான் பலாலி, சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே சென்னையிலிருந்து விமானம் வந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவால் அது நின்றது. 2022 டிசம்பரில் மீண்டும் பறந்தது. அதற்குப் பிறகுதான் திருச்சியின் முறை வந்தது.

முகாமுக்கு மேலே

திருச்சி விமான நிலையத்தை ஒட்டியே கொட்டப்பட்டு இருக்கிறது. அங்கே இலங்கைத் தமிழர் முகாம் உண்டு. போருக்குத் தப்பி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடல் தாண்டி வந்த குடும்பங்கள் அவை. விமானம் ஏறினால் ஒரு மணியில் யாழ்ப்பாண மண்ணை மிதித்துவிடலாம்.

ஆனால், அகதியாக வந்தவர் வெறும் டிக்கெட்டை வைத்துக்கொண்டு புறப்பட முடியாது. பிரயாணப் பத்திரம் வேண்டும். இந்தியாவை விட்டு வெளியேற அனுமதியும் வேண்டும். அவை கைக்கு வர எத்தனை நாள் ஆகும் என்பது விமான அட்டவணையில் இல்லை.