கல்லென்று மிதிக்காதீர்கள்!

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் தோட்டத்து வீடுகளில் ஒரே பேச்சுதான்: "இந்த வருஷம் எங்கே போகலாம்?" கேமரன் மலை, பினாங்கு என்று போய்வந்த குடும்பங்கள் இப்போது கிழக்குக்கரைத் தீவுகளுக்கும் கிளம்புகின்றன. நல்லதுதான். ஆனால் அங்கே கடலுக்குள் காத்திருக்கும் ஓர் அதிசயத்தைப் பற்றித் தெரிந்துகொண்டு போனால் இன்னும் நல்லது. தெரியாமல் போய் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்கிறேன், கேளுங்கள்.

சென்ற ஆண்டு திரெங்கானு மாநிலத்தின் கோல பெசுட் படகுத்துறையிலிருந்து பெர்ஹெந்தியான் தீவுக்குப் போனோம். கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு, தண்ணீரில் குப்புற மிதந்தபடி பவளப்பாறைகளைப் பார்ப்பதுதான் அங்கே விசேஷம். என் அக்காள் மகனுக்குப் பதின்மூன்று வயது. ஆசையோடு இறங்கினான். சிறிது நேரத்தில் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது. பயந்துபோய்க் காலை ஊன்றி எழுந்து நின்றான். 'மடக்'கென்று ஏதோ முறிந்தது. அவன் காலிலும் இரத்தம்.

"ஜாங்ஙான் பிஜாக்!" என்று படகிலிருந்து கத்தினார் படகோட்டி. மிதிக்காதே என்று பொருள். பையனைத் தூக்கிப் படகில் உட்காரவைத்து, காயத்தை நல்ல தண்ணீரில் கழுவிக் கட்டுப் போட்ட பிறகு அவர் அமைதியாகச் சொன்னார்: "தம்பி, அது கல் இல்லை. உயிர்."

"நான் கல்லுன்னுதானே மாமா நினைச்சேன்!" என்று பையன் என்னைப் பார்த்து அழுதான்.

உயிர் எங்கே இருக்கிறது?

பவளம் என்பது எண்ணற்ற சின்னஞ்சிறு உயிரினங்களின் குடியிருப்பு. அவை தமக்கடியில் சுண்ணாம்பால் வீடு கட்டிக்கொண்டே போகின்றன. நாம் பார்ப்பது அந்த வீட்டை. உயிரோ அதன் மேலே மெல்லிய தோலாகப் படர்ந்திருக்கிறது. அந்தத் தோலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருந்து, வெயிலைக்கொண்டு உணவு செய்து பவளத்துக்கு ஊட்டுகின்றன. பவளத்தின் நிறத்துக்கும் பெரும்பாலும் அவைதாம் காரணம்.

இதை நான் விளக்கியபோது, இருபது வருஷம் பால்மரம் சீவிய என் அக்காள் சட்டென்று கேட்டாள்: "அப்படின்னா பால்மரத்துப் பட்டை மாதிரியா?"

அதேதான்! மரம் எவ்வளவு பருமனாக இருந்தாலும் பால் இருப்பது பட்டையில். கத்தி ஆழமாகப் பட்டு மரத்தில் காயம் விழுந்தால், அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும். பவளமும் அப்படித்தான். நம் கால் பட்டால், கை உரசினால், அந்த மெல்லிய தோல் கிழிகிறது. கிளையுள்ள பவளமானால் ஒடிந்தே போகிறது.

கிளைப் பவளங்களில் சில ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர்கூட வளரும். குன்றுபோல் திரண்ட பவளமோ ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான். இடுப்பளவு உயரமுள்ள ஒரு பவளக் குன்று வளர ஏறக்குறைய நூறு ஆண்டு ஆகும். நம் பாட்டன்மார் கப்பலேறி வந்த காலத்தில் முளைத்ததாகக்கூட இருக்கலாம். அதை மிதிக்க ஒரு நொடி போதும்.

ஏற்கெனவே வாடியிருக்கும் உயிர்

கடல் நீர் வழக்கத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சூடேறிச் சில வாரம் நீடித்தாலே, உள்ளிருக்கும் பாசிகளைப் பவளம் வெளியேற்றிவிடும். பிறகு எலும்புபோல் வெளுத்துப்போகும். சூடு தணியாவிட்டால் பட்டினியால் சாகும். 2010ஆம் ஆண்டில் இப்படி வெளுத்ததால், தியோமான், ரெடாங் தீவுகளில் முக்குளிக்கும் இடங்கள் சில மாதக்கணக்கில் மூடப்பட்டன. 2024இல், உலகெங்கும் பவளங்கள் நான்காம் முறையாகப் பெருமளவில் வெளுப்பதாக அறிவிக்கப்பட்டது. கடலின் சூட்டைத் தணிப்பது நம் ஒரு குடும்பத்தால் ஆகாது. ஆனால் வாடிக்கிடப்பதை மிதிக்காமல் இருப்பது நம்மால் ஆகும்.

புறப்படும் முன்

தீபாவளி கழித்துப் போகலாம் என்று திட்டமிடாதீர்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்குக்கரையில் பருவமழைக் காலம். கடல் கொந்தளிக்கும், விடுதிகள் பலவும் மூடியிருக்கும்.

வெயிலுக்கு மேனியெல்லாம் களிம்பு பூசுவதைவிட, உடம்போடு ஒட்டிய நீளக்கைச் சட்டை மேல். சில களிம்புகளில் உள்ள ஆக்சிபென்சோன் என்ற இரசாயனம் பவளத்துக்கு ஆகாது என்று ஹவாயில் 2021 முதல் அவற்றின் விற்பனைக்குத் தடை உண்டு. பெண்கள் புடவையோடும் துப்பட்டாவோடும் கடலில் இறங்க வேண்டாம். துணி காலைச் சுற்றிக்கொள்ளும்.

நீரில் இறங்கியதும்

பவளத்தை மிதிப்பவர்களில் பலர் வேண்டுமென்று மிதிப்பதில்லை. பயத்தில்தான் காலை ஊன்றுகிறார்கள். ஆகவே முதலில் கரையோர மணலில், இடுப்பளவு நீரில் பழகுங்கள். கண்ணாடியில் நீர் புகுந்தால் நிற்காமல், மல்லாந்து மிதந்து சரிசெய்யக் கற்றுக்கொள்ளுங்கள். நீச்சல் தெரிந்தாலும் மிதவைச் சட்டை கட்டாயம். பிள்ளைகளைக் கை எட்டும் தூரத்திலேயே வைத்திருங்கள்.

மீனுக்கு ரொட்டி போடாதீர்கள். கிளிமீன் போன்றவை பாறையில் படரும் பாசியைச் சுரண்டித் தின்று, தோட்டத்தில் களை எடுப்பதுபோல் சுத்தம் செய்கின்றன. நாம் ரொட்டி போட்டால் அந்த வேலை கெடும். ஆமையைத் துரத்தாதீர்கள், தொடாதீர்கள். மூச்சு வாங்க அது மேலே வந்தாக வேண்டும், வழிவிடுங்கள்.

ஞாபகத்துக்கென்று பவளத்துண்டோ சிப்பியோ எடுத்துவர வேண்டாம். இந்தத் தீவுகளைச் சுற்றி 2 கடல் மைல் வரை கடல் பூங்கா. அங்கே பவளத்தை எடுப்பதும் சேதப்படுத்துவதும் 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம்.

தப்பித்தவறிப் பவளம் காலைக் கீறிவிட்டால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி மருந்திடுங்கள். சிவந்து வீங்கினால் கிளினிக்குக்குப் போங்கள். அந்தக் காயம் எளிதில் ஆறாது.

எங்கள் பையனுக்கும் ஆற மூன்று வாரம் ஆயிற்று. "மாமா, என் கால் ஆறிடுச்சு. அது ஆறியிருக்குமா?" என்று கேட்டான். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த பிள்ளை இனி எதையும் கல்லென்று மிதிக்கமாட்டான்.

போய் வாருங்கள். கண்ணாரப் பாருங்கள். கால் மட்டும் படவேண்டாம்.