கடலுக்குப் போகும் ரீல்: காசு கொடுக்குமுன் கையில் சுற்றிப் பாருங்கள்

போர்ட்டிக்சன் கடலில் படகின் முன்பக்கம் நின்றிருந்த என் மாமாவின் தூண்டிலை ஒரு தாலாங் மீன் கவ்வி இழுத்தது. கயிறு சர்ரென்று ஓடியது. பத்து விநாடிகூட ஆகியிருக்காது. ரீல் திடீரென்று இறுகி நின்றுவிட்டது. மறுகணம் நரம்பு அறுந்தது, மீன் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து ரீலைக் கழற்றினால், உள்ளே மாவு தூவியதுபோல் வெள்ளைப் பொடி. அலுமினியத்தைக் கடல் உப்பு அரித்ததன் அடையாளம் அது. வாங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. "கடலுக்கும் தாங்கும்" என்று கடையில் சொன்னதை நம்பி, இரண்டு மாத ஓவர்டைம் பணத்தில் 480 வெள்ளி கொடுத்து வாங்கியது.

"மீன் போனதுகூடப் பரவாயில்லம்மா, என்ன பார்த்து வாங்கணும்னு தெரியாமப் போச்சே" என்றார் மாமா. கோல லங்காட் வட்டாரத் தோட்டமொன்றில் வளர்ந்து, பாரிட்டில் மூங்கில் கம்பு போட்டு விரால் பிடித்தவர் அவர். அவரைப்போல் ஃபிளை ஃபிஷிங் பக்கம் திரும்பும் நம்மவர்கள் பணத்தை இழக்காமல் இருக்க, கடல் ரீலை எப்படிச் சோதித்து வாங்குவது என்று பார்ப்போம்.

ஃபிளை ரீல் எதற்கு?

நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் ஸ்பின்னிங் ரீலில், ஈயத்தின் அல்லது இரையின் எடைதான் நரம்பை இழுத்துக்கொண்டு பறக்கிறது. ஃபிளை ஃபிஷிங்கில் அப்படியில்லை. இறகும் நாரும் சுற்றிச் செய்த பொய் இரைக்கு எடையே இல்லை என்று சொல்லலாம். அதனால் கயிற்றையே தடிப்பாகவும் கனமாகவும் செய்கிறார்கள். வீசும்போது அந்தக் கயிறுதான் இரையைச் சுமந்து செல்கிறது.

வீசுவதில் ரீலுக்கு அதிக வேலை இல்லை. ஆற்றிலும் ஈயக் குட்டையிலும் அது பெரும்பாலும் கயிறு சுற்றி வைக்கும் உருளைதான். அங்கே மலிவான ரீல் போதும். கடல் மீன் வேறு. தாலாங், பாறை, கோல ரொம்பினில் புகழ்பெற்ற லாயாரான் போன்றவை ஒரே ஓட்டத்தில் முழுக் கயிற்றையும் உருவிக்கொண்டு போய்விடும். அப்போது மீனுக்கும் நமக்கும் நடுவில் நிற்பது ரீலின் பிரேக் மட்டுமே.

முதல் சோதனை: பிரேக்

டிரேக் எனப்படும் இந்த பிரேக்கைக் கடையிலேயே சோதிக்கலாம். மீன் எடை பார்க்கும் சிறிய கைத்தராசு ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். ரீலில் கயிறு சுற்றி, நுனியைத் தராசில் மாட்டி மெதுவாக இழுங்கள். முள் 2 கிலோவில் நின்று, அதே அளவில் கயிறு ஓடினால் நல்லது. முதலில் 3 கிலோவுக்கு எகிறி, பிறகு 2-க்கு இறங்கினால் அந்த ரீல் ஆபத்தானது. மீன் பாயும் முதல் நொடியில் அந்தத் திடீர் இழுப்புதான் மெல்லிய நரம்பை அறுக்கும்.

"10 கிலோ பிரேக்" என்ற விளம்பரத்தில் மயங்கவேண்டாம். நரம்பு தாங்கும் எடையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை பிரேக் வைப்பதே மீனவர்களின் பொதுவான கணக்கு. 20 பவுண்டு நரம்பு என்றால் 5 முதல் 6.7 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 2.3 முதல் 3 கிலோ. மிச்ச பலம் அட்டைப்பெட்டியில் அச்சடிக்க மட்டுமே.

பிரேக் உப்புநீர் புகாதபடி மூடப்பட்டிருக்கிறதா என்பதையும் கேளுங்கள். ரப்பர் வளையம் வைத்து மூடிய கார்பன் தட்டு பிரேக்குக்குப் பராமரிப்பு குறைவு. திபோர் போன்ற சில பெயர்பெற்ற ரீல்கள் இன்றும் திறந்த கார்க் பிரேக்கைப் பயன்படுத்துகின்றன. அவையும் கடலுக்கு ஏற்றவைதான், ஆனால் கார்க்குக்கு அவ்வப்போது எண்ணெய்ப் பசை போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது: உலோகம்

கடல் ரீலுக்கு, அச்சில் வார்த்த உலோகத்தைவிட முழு அலுமினியக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்தது உறுதியானது. அதன்மேல் அனோடைஸ் என்ற கடினப் பூச்சு இருக்கவேண்டும். பூச்சு சுரண்டப்பட்ட இடத்தில்தான் அரிப்பு தொடங்கும்.

திருகாணிகளையும் பாருங்கள். அலுமினியத்தில் எஃகுத் திருகாணி இருந்து, நடுவில் உப்புநீர் தங்கினால், அங்கே ஒரு குட்டி பேட்டரி உருவாகிறது. கரைவது அலுமினியம். காய்ந்த உப்பும் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். நம் நாட்டுப் புழுக்கத்தில், அலமாரியில் வைத்த ரீலும் அரித்துக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது: உருளையின் நடுப்பகுதி

ஃபிளை ரீலில் கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் உருளையும் ஒருமுறைதான் சுற்றும். கயிறு சுற்றியிருக்கும் வட்டம் 10 செண்டிமீட்டர் அகலம் என்றால் ஒரு சுற்றில் 31 செண்டிமீட்டர் கயிறு வரும். 5 செண்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய 16 தான். மீன் நம்மை நோக்கித் திரும்பி ஓடிவரும்போது இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்.

இன்னொரு காரணமும் உண்டு. கயிறு ஓட ஓடச் சுற்றளவு சுருங்கும். வட்டம் பாதியானால், பிரேக்கைத் தொடாமலேயே இழுப்பு இரண்டு மடங்காகிவிடும். தொலைவில் ஓடும் மீனை நிறுத்த பிரேக்கை இன்னும் இறுக்குவது இதனால்தான் தவறு. அப்போது சற்றுத் தளர்த்துவதே சரி. நடுப்பகுதி பெரிதாக உள்ள ரீலில் இந்த மாற்றம் குறைவு.

நான்காவது: கொள்ளளவு

ஃபிளை கயிறு ஏறக்குறைய 30 மீட்டர்தான். அதன் பின்னால் பேக்கிங் என்ற மெல்லிய கயிறு இருக்கவேண்டும். கரையோர மீன்களுக்கு 200 யார்டு, லாயாரானுக்கு 300 யார்டுக்கு மேல் என்று கணக்கு வையுங்கள். உங்கள் கயிற்றின் எண்ணோடு சேர்த்து எவ்வளவு பேக்கிங் பிடிக்கும் என்று கேட்டு வாங்குங்கள்.

உருளையில் உள்ள துளைகள் அழகுக்கு மட்டுமல்ல. 1874-இல் அமெரிக்காவின் சார்லஸ் ஓர்விஸ் காப்புரிமை பெற்ற ரீலிலேயே, ஈரக் கயிறு காய்வதற்காகத் துளைகள் இருந்தன.

பழைய ரீல் வாங்கினால்

புதிய கடல் ரீல்களில் நல்லவை ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டும் என்பதால், பலர் பழையதைத் தேடுகிறார்கள். அதில் தவறில்லை. திருகாணிகளைச் சுற்றி வெள்ளைப் பொடி, பூச்சில் கொப்புளம், சுற்றும்போது மணல் அரைபடுவது போன்ற உணர்வு ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உருளையைப் பிடித்து ஆட்டினால் தளர்வு தெரியக்கூடாது. கழற்றிக் காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

வாங்கிய பிறகு

மாமாவின் இழப்புக்குக் கடையை மட்டும் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு முறையும் அவர் ரீலைக் கழுவத்தான் செய்தார். ஆனால் கார் கழுவும் குழாயால் வேகமாக நீர் பீய்ச்சினார். அந்த வேகம் உப்பை வெளியேற்றுவதற்குப் பதிலாக உள்ளே தள்ளியிருக்கும்.

நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். கடலில் நனைந்த கயிற்றை முழுதும் உருவிக் கழுவுங்கள். உருளையைக் கழற்றி நிழலில் காயவிட்டு, பிரேக்கைத் தளர்த்தி வையுங்கள். அச்சுக்கும் கைப்பிடிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் போதும். மூடிய பிரேக்குக்குள் எண்ணெய் விடவேண்டாம்.

மாமா இப்போது பழைய ரீல் ஒன்றை வாங்கியிருக்கிறார். விற்றவர் வீட்டு வாசலில், கைத்தராசை மாட்டி அரைமணி நேரம் இழுத்துப் பார்த்த பிறகே பணத்தை எண்ணிக் கொடுத்தார். விற்றவருக்குக் கொஞ்சம் எரிச்சல். மாமா கவலைப்படவில்லை. "ஓவர்டைம் செஞ்சது நான்தானே" என்றார்.