அரை பைசா யாருக்கு?

செஞ்சிக்கோட்டைக்கு டூர் வர்றீங்களா? ராஜகிரி ஏறி இறங்கி மூச்சு வாங்கினதோட பஸ்ஸைப் பிடிச்சிடாதீங்க. பனமலைக்கும் ஒரு நடை போயிட்டு வாங்க. ராஜசிம்ம பல்லவன் கட்டின தாளகிரீஸ்வரர் கோயில் சுவர்ல, குடைக்குக் கீழே ஒயிலா நிற்கிற பார்வதி ஓவியம் இருக்கு. வயசு சுமார் 1,300. நிறைய உதிர்ந்துபோச்சு, ஆனா முகம் இன்னும் இருக்கு!

அந்த ஓவியத்துக்குக் கிடைச்ச ஆயுசு, நம்ம ஓட்டல் சுவர் விலைப்பட்டியலுக்குக் கிடைக்கலை. 1950கள்ல எழுதின ஒரு போர்டாவது பார்த்திருக்கீங்களா? விலை ஏற ஏற மேல மேல பெயின்ட் அடிச்சாச்சு.

'அது என்ன பொக்கிஷமா?'ன்னு சிரிக்காதீங்க. நியூயார்க் பொது நூலகத்துக்காக 1900-ல மெனு கார்டு சேர்க்க ஆரம்பிச்சாங்க ஃப்ராங்க் பட்டால்ஃப். பேர்தான் ஃப்ராங்க், அவங்க பெண்! இன்னிக்கு அங்கே இருக்கிற மெனுக்கள் சுமார் 45,000.

நம்ம போர்டும் லேசுப்பட்டதில்லை. அணாவுல விலை இருந்தா அநேகமா 1957 ஏப்ரலுக்கு முந்தினது. அதுக்கப்புறம் ரூபாய்க்கு 100 நயா பைசா. பழைய ரெண்டு அணா பண்டம் பன்னிரண்டரை பைசா ஆகணும். அரை பைசா யாருக்கு? அரசாங்க அட்டவணை 12-னு முடிச்சிடுச்சு. 1964-ல 'நயா'வும் காணாமப் போச்சு.

ரவா இட்லி இருக்கா பாருங்க. போர்க்கால அரிசித் தட்டுப்பாட்டுல பிறந்ததுன்னு பெங்களூரு எம்.டி.ஆர். சொல்லுது. சென்னை மாகாணத்துல போருக்கு அப்புறமும் ரேஷன் தொடர்ந்துச்சு. 1952-ல ராஜாஜிதான் உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார்.

ஆனா, விலைக்கும் மேலே, வாசல்ல ஒரு வரி இருந்துச்சே... 'பிராமணாள்' ஓட்டல்! ரயில் நிலைய உணவு விடுதிகள்ல 1941 வரைக்கும் பிராமணருக்குத் தனி இடம், 'மத்தவங்களுக்கு' வேற இடம். 1957-ல திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்னாடி அந்தச் சொல்லை எதிர்த்து பெரியார் போராட்டம் நடத்தினார். தினமும் தொண்டர்கள் கைதானாங்க. கடைசியில பலகையிலிருந்து அந்தச் சொல் இறங்குச்சு. இப்ப யோசிங்க. நம்ம தாத்தாவுக்குக் கையில ரெண்டு அணா இருந்தும், எந்த வாசல்ல தயங்கி நின்னிருப்பார்? மாவு அரைச்ச பாட்டி எங்கே உட்கார்ந்து சாப்பிட்டிருப்பாங்க? கேட்டுப் பாருங்க, வீட்டுல சொல்ல ஆள் இருக்கும்போதே.

எங்க ஹாஸ்டல் மெஸ்ல இன்னிக்கு சாக்பீஸ்ல எழுதியிருக்கிறது: 'இட்லி, சாம்பார், வடை (ஒன்று மட்டும்)'. சாயங்காலம் துடைச்சிடுவாங்க. செல்லுல ஒரு கிளிக் அடிச்சு வெச்சிருக்கேன்.