ஒரே ரூபாய், வேறு வேறு எடை

பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் வளர்வீத வரி பற்றி நடத்துகிறோம். வருமானம் உயர உயர வரி வீதமும் உயரும் என்று கரும்பலகையில் எழுதுகிறோம். பதினோராம் வகுப்புப் பொருளியலில் குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி வருகிறது. பசியோடு இருப்பவருக்கு முதல் இட்லி தரும் நிறைவை ஐந்தாவது இட்லி தருவதில்லை என்று விளக்குகிறோம். இரண்டும் தனித்தனிப் பாடங்களாகவே மாணவர் மனத்தில் தங்கிவிடுகின்றன. உண்மையில் முதல் பாடத்துக்கான காரணங்களுள் ஒன்று இரண்டாவது பாடத்தில்தான் இருக்கிறது. இந்த இணைப்பைச் சொல்லாமல் விட்டால், "வசதி உள்ளவரிடம் ஏன் கூடுதல் வரி?" என்ற வினாவுக்கு "அவரால் கட்ட முடியும்" என்ற பதிலோடு மாணவர் நின்றுவிடுகிறார். கட்ட முடியும் என்பது வேறு. கட்டுவது சரி என்பது வேறு.

ஏன் சரி என்பதற்குத் தத்துவம் தரும் விடைகளில் ஒன்று பயன்பாட்டுவாதம். அதே விடை நாட்டின் எல்லையைத் தாண்டும்போது அயல்நாட்டு உதவிக்கான வாதமாகிறது. மேல்நிலை வகுப்புகளில் விவாதம் நடத்த விரும்பும் ஆசிரியர்களுக்காக, அந்த வாதத்தையும் அதற்கு எழுந்த மறுப்புகளையும் படிப்படியாகப் பார்ப்போம்.

வாதத்தின் நான்கு படிகள்

முதல் படி: ஒரு செயலோ சட்டமோ சரியா என்பதை அதன் விளைவைக் கொண்டு மதிப்பிட வேண்டும். அதனால் பாதிக்கப்படும் எல்லோருடைய நலனையும் கூட்டிப் பார்க்க வேண்டும். அந்தக் கூட்டலில் அரசரின் வலிக்கும் கூலித் தொழிலாளியின் வலிக்கும் ஒரே மதிப்பு. இங்கிலாந்தின் ஜெரமி பெந்தாம் 1789இல் வெளியிட்ட நூலில் இந்தக் கொள்கைக்கு முறையான வடிவம் தந்தார். பின்னர் ஜான் ஸ்டூவர்ட் மில் அதை வளர்த்தெடுத்தார்.

இரண்டாம் படி: கையில் பணம் கூடக் கூட, அடுத்த ரூபாய் தரும் பயன் குறைகிறது. இதை 1738இலேயே கணித வடிவில் எழுதியவர் டேனியல் பெர்னூலி. சிறு தொகை ஒருவருக்குத் தரும் பயன், அவரிடம் ஏற்கெனவே உள்ள செல்வத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்றார்.

மூன்றாம் படி: அப்படியானால் செல்வரிடமிருந்து ஏழைக்கு ஒரு தொகை மாறும்போது, ஒருவர் இழக்கும் பயனைவிட மற்றவர் பெறும் பயன் அதிகம். மொத்த நலன் உயர்கிறது. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆர்தர் பிகு 1920இல் எழுதிய நலப் பொருளியல் நூலில், நாட்டின் மொத்த வருமானம் குறையாத வரையில் இது பொருந்தும் என்ற நிபந்தனையோடு இதை எடுத்துரைத்தார்.

நான்காம் படி: ஏழை எங்கே வாழ்கிறார் என்பது கணக்கை மாற்றாது. பக்கத்துத் தெருவில் இருந்தாலும் வேறு கண்டத்தில் இருந்தாலும் பசி ஒன்றே.

ஓட்டை வாளிக் கணக்கு

இதை எண்களில் காட்டினால் மாணவர்களுக்கு எளிதில் பிடிபடும். மாதம் 10,000 ரூபாய் வருமானம் உள்ள ஒரு குடும்பம். 1,00,000 ரூபாய் வருமானம் உள்ள மற்றொரு குடும்பம். இரண்டிலும் நான்கு பேர். 1,000 ரூபாய் என்பது முதல் குடும்பத்தின் வருமானத்தில் 10 விழுக்காடு. இரண்டாவதில் 1 விழுக்காடு. பெர்னூலியின் விதியைச் செல்வத்துக்குப் பதில் வருமானத்துக்குப் பொருத்தினால், அதே 1,000 ரூபாய் முதல் வீட்டில் தோராயமாகப் பத்து மடங்கு எடை பெறுகிறது.

"எடுக்கிற பணம் முழுசாப் போய்ச் சேருமா?" என்று மாணவர் கேட்பார். அமெரிக்கப் பொருளியலாளர் ஆர்தர் ஓக்கன் 1975இல் இதே கேள்விக்கு ஓட்டை வாளி உவமையைத் தந்தார். ஒரு வீட்டுக் கிணற்றிலிருந்து இன்னொரு வீட்டுக்கு நீர் கொண்டுபோகும் வாளியில் ஓட்டை இருக்கிறது. நிர்வாகச் செலவு, வரி அதிகமானால் உழைக்கும் ஊக்கம் குறைவது போன்றவையே அந்த ஒழுக்கு. எவ்வளவு ஒழுகினால் இந்த வேலையைக் கைவிடலாம் என்பதுதான் அவர் வைத்த கேள்வி.

நம் கணக்கையே தொடர்வோம். பாதி ஒழுகி 500 ரூபாய் சேர்ந்தால், ஏழை வீட்டுக்கு 5 விழுக்காடு வரவு. செல்வர் வீட்டுக்கு 1 விழுக்காடு இழப்பு. இன்னும் ஐந்து மடங்கு லாபம். 900 ரூபாய் ஒழுகி 100 ரூபாய் மட்டும் சேர்ந்தால் இரண்டும் சமம். அதற்கும் மேல் ஒழுகினால் நட்டம். வருமான இடைவெளி பத்து மடங்காக இல்லாமல் நூறு மடங்காக இருந்தால், 99 விழுக்காடு ஒழுகும்போதுதான் சமநிலை வரும். உள்நாட்டுப் பங்கீட்டைவிட அயல்நாட்டு உதவிக்கே தங்கள் வாதம் வலுவானது என்று பயன்பாட்டுவாதிகள் சொல்வதன் காரணம் இதுதான். நாடுகளுக்கிடையே உள்ள இடைவெளி அவ்வளவு பெரிது.

எல்லையைத் தாண்டும்போது

1971இல் கிழக்கு வங்காளத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தனர். அவர்களைக் காப்பதற்கு நிதி திரட்ட, அந்த ஆண்டு நவம்பரில் நம் நாட்டில் 5 பைசா அகதிகள் நிவாரண அஞ்சல் தலை நடைமுறைக்கு வந்தது. அதே மாதத்தில் இங்கிலாந்திலிருந்து ஓர் இளம் ஆஸ்திரேலியத் தத்துவ ஆசிரியர், பீட்டர் சிங்கர், இந்த அகதிகளை முன்வைத்து ஒரு கட்டுரை எழுதினார். அது 1972இல் வெளியானது. பிரிட்டன் அதுவரை தந்த உதவி சுமார் ஒன்றரைக் கோடி பவுண்டு. கான்கார்ட் விமானத்தை உருவாக்க அது செலவிட்டுத் திரும்பப் பெற முடியாத தொகையோ 27 கோடியே 50 லட்சம் பவுண்டுக்கு மேல் என்று அவர் ஒப்பிட்டுக் காட்டினார்.

சிங்கர் தந்த எடுத்துக்காட்டு எளிமையானது. ஆழமற்ற குளத்தில் ஒரு குழந்தை மூழ்குகிறது. இறங்கினால் உடை சேறாகும். யாரும் உடையைப் பார்த்துத் தயங்கக் கூடாது. பெரிய தீங்கை, அதற்கு ஈடான எதையும் இழக்காமல் தடுக்க முடியுமானால், தடுத்தே ஆக வேண்டும். குழந்தை பத்தடி தூரத்தில் இருக்கிறதா, பத்தாயிரம் கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறதா என்பதோ, கரையில் வேறு பலர் நிற்கிறார்களா என்பதோ நம் கடமையைக் குறைக்காது. ஆகவே கொடுப்பது ஈகை அல்ல, கடமை என்பது அவர் முடிவு.

இதற்கு ஓராண்டு முன்பே, 1970இல், ஐக்கிய நாடுகள் பொதுச்சபை பணக்கார நாடுகளுக்கு ஓர் இலக்கு வைத்தது: மொத்த தேசிய உற்பத்தியில் 0.7 விழுக்காட்டை வளரும் நாடுகளுக்கு உதவியாகத் தர வேண்டும். நார்வே, சுவீடன், டென்மார்க், லக்சம்பர்க் போன்ற சில நாடுகளே அதை எட்டியுள்ளன. பெரும்பாலான நாடுகள் அரை நூற்றாண்டு கடந்தும் எட்டவில்லை.

உதவி பலன் தந்ததா?

தந்ததற்குச் சிறந்த சான்று பெரியம்மை ஒழிப்பு. 1967இல் உலகில் ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேற்பட்டோரைத் தாக்கிய நோய், 1980இல் முற்றிலும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மொத்தச் செலவு சுமார் 30 கோடி டாலர். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெளி உதவி. மீதியை நோய் இருந்த நாடுகளே ஏற்றன.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒன்றும் உண்டு. குடற்புழு நீக்க நாளில் நாம் மாணவர்களுக்கு அல்பெண்டசோல் மாத்திரை தருகிறோம். கென்யாவில் ஒரு டச்சுத் தொண்டு நிறுவனம் 75 பள்ளிகளில் குடற்புழு நீக்கத் திட்டத்தை நடத்தியது. அதை ஆராய்ந்த எட்வர்ட் மிகேல், மைக்கேல் கிரீமர் இருவரும், மாத்திரை தந்த பள்ளிகளில் பள்ளிக்கு வராமை கால் பங்கு குறைந்தது என்று 2004இல் எழுதினர். அந்த முடிவின் அளவு குறித்துப் பின்னர் ஆய்வாளர்களிடையே கடும் விவாதம் நடந்தது. எந்த உதவி, எவ்வளவு பலன் என்று அளந்து பார்க்கும் பழக்கம் வலுப்பெற்றதில் இத்தகைய ஆய்வுகளுக்குப் பங்குண்டு.

எதிர்ப்பக்கத்திலும் வலுவான குரல்கள் உண்டு. சாம்பியாவில் பிறந்த டம்பிசா மோயோ, அரசுகளுக்குத் தரப்படும் உதவி ஆப்பிரிக்காவை முன்னேற்றவில்லை, ஊழலையும் சார்புநிலையையுமே வளர்த்தது என்று 2009இல் எழுதினார். நோபல் பரிசு பெற்ற ஆங்கஸ் டீட்டன் சொல்வது நுட்பமானது. ஓர் அரசுக்குப் பணம் மக்களின் வரியிலிருந்து வராமல் வெளியிலிருந்து வந்தால், அந்த அரசு மக்களுக்குப் பதில் சொல்லும் தேவை குறைகிறது. இது வெறும் ஒழுக்கு அல்ல. வழியில் ஒழுகுவது வேறு. போய்ச் சேர்ந்த இடத்தைச் சேறாக்குவது வேறு. ஓட்டை வாளிக் கணக்கு இந்தத் தீங்கை அளக்காது.

அடித்தளத்தையே கேட்டவர்கள்

இவர்கள் இருவரும் உதவியின் பலனைத்தான் கேள்வி கேட்டனர். வேறு சிலர் வாதத்தின் அடித்தளத்தையே அசைத்தனர். ஒருவரின் நிறைவையும் மற்றவரின் நிறைவையும் ஒப்பிட அறிவியல் அளவுகோல் இல்லை என்றார் லயனல் ராபின்ஸ் (1932). மனிதர்கள் தனித்தனி ஆட்கள். அவர்களுடைய இன்ப துன்பங்களை ஒரே பேரேட்டில் கூட்டிக் கழிப்பது தவறு என்றார் ஜான் ரால்ஸ் (1971). ஆனால் அவரும் வேறு காரணத்தால் பங்கீட்டை ஆதரித்தார். நேர்மையாக ஈட்டியதை அரசு எடுத்துப் பங்கிடுவது உரிமை மீறல் என்றார் ராபர்ட் நோசிக் (1974).

ஆசிரியர்களாகிய நாம் அதிகம் யோசிக்க வேண்டியது அமர்த்தியா சென் 1973இல் எழுப்பிய மறுப்பு. உடல் குறைபாட்டால் ஒரே வருமானத்திலிருந்து பாதிப் பயனே பெற முடிகிற ஒருவரை எண்ணிப் பாருங்கள். மொத்தப் பயனை மட்டும் பெருக்க நினைக்கும் கணக்கு, அவருக்கு அதிகம் தருவதற்குப் பதில் குறைவாகத் தரச் சொல்லும். நம் பள்ளிகளில் மாற்றுத்திறன் மாணவருக்குக் கூடுதல் உதவியும் தேர்வில் கூடுதல் நேரமும் தருகிறோம். அதைச் சரி என்று நாம் உணர்வதற்குக் காரணம் மொத்தப் பயன் மட்டுமல்ல என்பது இங்கே விளங்கும்.

வகுப்பறையில்

இந்த விவாதத்தை இரு அணிகளாகப் பிரித்து வெற்றி தோல்வி பார்க்க வேண்டியதில்லை. நான்கு படிகளையும் பலகையில் எழுதிவிட்டு, ஒவ்வொரு மறுப்பும் எந்தப் படியைத் தாக்குகிறது என்று மாணவரையே குறிக்கச் சொல்லலாம். ராபின்ஸ் மூன்றாம் படியையும், ரால்ஸ் முதல் படியையும் தாக்குவதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். "எனக்குப் பிடிக்கவில்லை" என்பதிலிருந்து "இந்தப் படியை ஏற்கவில்லை, ஏனென்றால்" என்பதற்கு நகர்வதே இப்பாடத்தின் கற்றல் விளைவு.

ஒரு கவனம் தேவை. என் வகுப்பில் ஒரு மாணவர், "சும்மா வாங்கிச் சாப்பிடுற நாட்டுக்கு எதுக்கு டீச்சர் குடுக்கணும்?" என்று கேட்டார். அந்த அறையில் விலையில்லா நோட்டும் சீருடையும் பெறாத மாணவர் ஒருவர்கூட இல்லை. இப்படிப்பட்ட கேள்வி வரும்போது கேட்டவரை அடக்க வேண்டாம்; வரலாற்றைச் சொன்னால் போதும். 1960களில் நம் பள்ளி மதிய உணவுக்கு அமெரிக்க 'கேர்' அமைப்பின் உணவுப் பொருள்கள் வந்தன. 2022இல் இலங்கை நெருக்கடியில் தவித்தபோது தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் பால் பவுடரும் மருந்தும் கப்பலில் சென்றன. வாங்கிய கையும் கொடுத்த கையும் ஒன்றே.

எடுத்துக்காட்டுக் கணக்கில் கற்பனைக் குடும்பங்களையே பயன்படுத்துங்கள். மாணவரின் வீட்டு வருமானத்தைக் கேட்க வேண்டாம். பயன்பாட்டுவாதம் பெறுபவரைத் தாழ்த்தவில்லை. அவருடைய நலனையும் கொடுப்பவரின் நலனுக்குச் சமமாக எண்ணுகிறது. அந்தக் கொள்கையின் மற்றப் படிகளை மாணவர் ஏற்கலாம், மறுக்கலாம். இந்த ஒரு எண்ணம் மட்டும், விலையில்லாப் பொருளை வாங்க வரிசையில் நிற்கும் பிள்ளைக்கு அவசியம் போய்ச் சேர வேண்டும்.