ஒரே குண்டு, ஒரே வாய்ப்பு: அமெரிக்காவின் 'பழங்கால ஆயுத' மான் வேட்டை சீசனுக்கு எந்தத் துப்பாக்கி சரி?

டிசம்பர் மாதக் குளிர். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு காட்டோரம். மரத்தில் கட்டிய பரணில் ஒருவர் விடியற்காலையில் இருந்து அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். 80 யார்டு தள்ளி, புதருக்குள் இருந்து ஒரு மான் வெளியே வருகிறது. அவர் கையில் இருக்கும் துப்பாக்கியில் ஒரே ஒரு குண்டுதான். குறி தப்பினால் அடுத்த குண்டைக் கெட்டித்து முடிக்க அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அதுவரை எந்த மான் காத்திருக்கும்?

இதுதான் 'பிரிமிடிவ் வெப்பன்ஸ் சீசன்', அதாவது பழங்கால ஆயுதங்களால் மட்டும் மான் வேட்டையாட அனுமதிக்கப்படும் பருவம். பெயரைக் கேட்டால் ஏதோ கல் ஆயுதம், ஈட்டி என்று தோன்றும். ஆனால் கடையில் போய் நின்றால் நவீன ஸ்கோப் பொருத்திய பளபளப்பான ரைஃபிளைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். "இதுல என்னங்க பழங்காலம்?" என்று கேட்கத் தோன்றும்.

இதற்கான விடை, அந்தந்த மாநிலத்தின் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

ஏன் இப்படி ஒரு சீசன்?

1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில், கட்டுப்பாடில்லாத வேட்டையால் வெள்ளைவால் மான் அமெரிக்காவின் பல பகுதிகளில் அழிவின் விளிம்பில் இருந்தது. அதன் பிறகு வந்த வேட்டைச் சட்டங்களும் மான்களை வேறு இடங்களில் கொண்டுபோய் விடும் திட்டங்களும் நிலைமையை மாற்றின. துப்பாக்கி, தோட்டா விற்பனையில் இருந்து வனவிலங்குப் பாதுகாப்புக்கு வரி ஒதுக்கும் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் 1937-ல் வந்தது. இன்றும் ரைஃபிள், ஷாட்கன் மீது 11% வரி இந்தக் கணக்கில்தான் சேர்கிறது.

இப்போது நிலைமை தலைகீழ். மான்களைக் கட்டுக்குள் வைத்திருந்த ஓநாய் போன்ற விலங்குகள் பெரும்பாலான பகுதிகளில் இல்லை. பயிர்ச்சேதம், சாலை விபத்து என்று பிரச்னை வேறு பக்கம் திரும்பிவிட்டது. வேட்டை நாட்களை நீட்டிக்க வேண்டும். அதே நேரம் ஒரேயடியாக மான்கள் சுடப்பட்டுவிடவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் கண்டுபிடித்த வழிதான் இது: கூடுதல் நாட்கள் தருகிறோம், ஆனால் கையில் இருக்கும் ஆயுதம் கொஞ்சம் கஷ்டமானதாக இருக்கட்டும்.

மிசிசிப்பியின் பெரும்பாலான பகுதிகளில் இந்தச் சீசன் வழக்கமாக டிசம்பர் முதல் பாதியிலும், ஜனவரி கடைசியிலும் வருகிறது. தேதி ஆண்டுதோறும் மாறும்.

சட்டம் எதைப் 'பழங்காலம்' என்கிறது?

மிசிசிப்பியில் மூன்று வகைத் துப்பாக்கிகள் இந்தப் பட்டியலில் வருகின்றன.

முதலாவது, குழல் வாய் வழியாக மருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிக்கும் ரைஃபிள். குறைந்தது .38 காலிபர் இருக்க வேண்டும்.

இரண்டாவது, பின்பக்கம் மடக்கித் திறந்து ஒரே ஒரு உலோகத் தோட்டா போடும் ரைஃபிள். .35 காலிபர் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அதன் சுத்தியல், அதாவது ஹேமர், வெளியே தெரிய வேண்டும்.

மூன்றாவது, வாய்வழி கெட்டிக்கும் ஷாட்கன். அதிலும் சிதறும் சிறு குண்டுகள் கூடாது. ஒற்றைக் குண்டு மட்டும்தான்.

ஸ்கோப்புக்குத் தடை இல்லை. தனியார் நிலத்தில் உரிய உரிமம் இருப்பவர்களுக்கு ஆயுதத் தேர்வில் கூடுதல் சலுகையும் உண்டு. பக்கத்து மாநிலமான லூசியானாவிலும் வெளித்தெரியும் ஹேமர் கொண்ட ஒற்றைத் தோட்டா ரைஃபிளுக்கு அனுமதி இருக்கிறது.

ஆனால் வடக்கே பென்சில்வேனியா போனால் கதையே வேறு. அங்கே கிறிஸ்துமஸுக்குப் பிறகு வரும் சீசனில் 'ஃபிளின்ட்லாக்' மட்டும்தான். சக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசி, அந்தப் பொறியில் மருந்து பற்றிக்கொள்ளும் 18-ஆம் நூற்றாண்டுத் தொழில்நுட்பம். விசையை அழுத்தியதற்கும் குண்டு கிளம்புவதற்கும் நடுவில் ஒரு நொடித் துளி இடைவெளி இருக்கும். அந்த நேரத்திலும் கை ஆடக் கூடாது.

ஆக, மிசிசிப்பியில் சட்டப்படி சரியான துப்பாக்கி பென்சில்வேனியாவில் வழக்கைக் கொண்டுவரும். துப்பாக்கி வாங்குவதற்கு முன் அந்த ஆண்டுக்கான மாநில விதிப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி: யாருக்குப் பொருந்தும்?

தமிழ்நாட்டுச் செய்திகளில் அடிக்கடி அடிபடும் 'நாட்டுத் துப்பாக்கி' நினைவிருக்கிறதா? அடிப்படை அதேதான். முதலில் மருந்து, அதன் மேல் குண்டு, பிறகு கம்பியால் இறுக்குவது, கடைசியில் பற்றவைக்கும் கேப்.

இன்று அமெரிக்காவில் அதிகம் விற்பது 'இன்லைன்' வகை. பற்றவைக்கும் பிரைமர் மருந்துக்கு நேர் பின்னால் இருக்கும். 1980-களின் நடுவில் இந்த வகை பிரபலமானது. .50 காலிபர்தான் இதில் பொதுவான அளவு. ஷாட்கன் தோட்டாவில் இருக்கும் அதே 209 பிரைமரை இதில் பயன்படுத்துவதால், ஈரத்திலும் ஓரளவு நம்பலாம். பழகிய கைக்கு 150 யார்டு வரை எட்டும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது குழலுக்குள் இருக்கும் திருகு வரிகள். நீளமான நவீன குண்டுகளுக்கு 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற வேகமான திருகு பொருந்தும். துணி சுற்றிப் போடும் உருண்டைக் குண்டுக்கு 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று போன்ற மெதுவான திருகு பொருந்தும். இரண்டையும் மாற்றிப் போட்டால், எவ்வளவு நல்ல துப்பாக்கியாக இருந்தாலும் குறி தப்பும்.

வேலை அதிகம் என்பதுதான் இதன் குறை. கரிமருந்தின் கசடு ஈரத்தை இழுத்துக் குழலைத் துருப்பிடிக்க வைக்கும். வேட்டை முடிந்த அன்றே சோப்புத் தண்ணீரில் கழுவி, எண்ணெய் போட்டே ஆக வேண்டும். "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றால் குழல் போச்சு.

ஒற்றைத் தோட்டா ரைஃபிள்: பழமைக்குள் ஒரு புதுமை

சுலபம் வேண்டும் என்பவர்கள் போவது இந்தப் பக்கம்தான். மடக்கு, தோட்டாவைப் போடு, மூடு, ஹேமரை இழு. அவ்வளவுதான்.

இதில் இரண்டு தோட்டாக்களுக்கு இடையில்தான் முக்கியப் போட்டி.

.45-70 கவர்ன்மெண்ட்: 1873-ல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட தோட்டா. கனமான, மெதுவான குண்டு. அடர்ந்த காட்டில், 100 யார்டுக்குள் சுடுபவர்களுக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் 100 யார்டுக்குக் குறி வைத்துச் சரிசெய்த ரைஃபிளில் 200 யார்டு தூரத்துக்குச் சுட்டால், குண்டு சுமார் ஓர் அடி கீழே இறங்கிவிடும். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இந்தத் தோட்டா பல அழுத்த அளவுகளில் கிடைக்கிறது. நவீன ரைஃபிளுக்காகச் செய்த அதிக அழுத்தத் தோட்டாவை 19-ஆம் நூற்றாண்டின் பழைய துப்பாக்கியில் போட்டால் துப்பாக்கியே வெடிக்கலாம்.

.35 வீலன்: 1922-ல் உருவாகி, 1988-ல் ரெமிங்டன் நிறுவனம் வணிக ரீதியாகக் கொண்டுவந்த தோட்டா. வேகம் அதிகம், இறக்கம் குறைவு. .35 காலிபர் என்ற சட்ட வரம்பை மிகச் சரியாகத் தொடுவதால், மிசிசிப்பி, லூசியானா வேட்டைக்காரர்களிடம் பெரிய வரவேற்பு. திறந்த வயல்வெளியில் 200 யார்டு சுட வேண்டியிருந்தால் பலரும் தேர்ந்தெடுப்பது இதைத்தான்.

சர்ச்சையும் இங்கேதான். '20-ஆம் நூற்றாண்டுத் தோட்டா, ஸ்கோப், 200 யார்டு தூரம்... இதைப் பழங்காலம் என்று எப்படிச் சொல்வது?' என்பது பழைய முறையை விரும்புபவர்களின் கேள்வி. 'ஒரே குண்டு என்ற கட்டுப்பாடு இருக்கிறதே, அதுவும் மானைக் காயத்தோடு ஓடவிடாமல் சுத்தமாக வீழ்த்தும் துப்பாக்கிதானே நல்லது' என்பது மறுதரப்பின் பதில்.

பின்னுதைப்பையும் மறக்கக் கூடாது. ஒற்றைத் தோட்டா ரைஃபிள்கள் எடை குறைந்தவை. இந்த இரண்டு தோட்டாக்களும் தோளில் பலமாக இடிக்கும். உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு விசையை அழுத்துபவருக்கு எந்தக் காலிபரும் உதவாது. முதல்முறை வாங்குபவர்கள் சக்தியைக் கொஞ்சம் குறைத்து, பயிற்சியைக் கூட்டுவது நல்லது.

ஷாட்கன் வேலைக்கு ஆகாதா?

மான் வேட்டைக்கு ஷாட்கன் புதிதல்ல. நிலம் தட்டையாக, வீடுகள் நெருக்கமாக இருக்கும் மத்திய மேற்கு மாநிலங்களில் ரைஃபிள் குண்டு வெகுதூரம் போய்விடும் என்ற பயத்தில், பல ஆண்டுகளாக ஷாட்கனுக்கே அனுமதி இருந்தது. ஓஹாயோ போன்ற மாநிலங்கள் 2014-ல் இருந்துதான் சில வகை ரைஃபிள் தோட்டாக்களை அனுமதித்தன.

ஆனால் அது சாதாரணத் துப்பாக்கி சீசன். மிசிசிப்பியின் பழங்கால ஆயுத சீசனில் வீட்டில் இருக்கும் நவீன பம்ப் ஷாட்கன் செல்லாது. வாய்வழி கெட்டிக்கும் ஷாட்கனே செல்லும். திருகு வரி இல்லாத வழவழப்பான குழலில் ஒற்றைக் குண்டை 50 யார்டுக்கு மேல் நம்புவது கஷ்டம். தாத்தா காலத்து ஷாட்கன் வீட்டில் இருக்கிறது, சுடப்போவது நெருக்கமான புதர்க்காட்டில் என்றால் சரி. புதிதாகக் காசு போட்டு வாங்குபவருக்கு ரைஃபிள்தான் லாபம்.

உயிர் போகும் தவறுகள்

துப்பாக்கித் தேர்வில் தவறினால் மான் தப்பிக்கும். மருந்தில் தவறினால் ஆளுக்கே ஆபத்து.

* கரிமருந்துத் துப்பாக்கியில் நவீன புகையில்லா வெடிமருந்தைப் போடவே கூடாது. அதற்கென்றே செய்யப்பட்ட சில மாடல்களைத் தவிர, மற்றவற்றில் அழுத்தம் தாங்காமல் குழல் வெடித்து, கை, கண் போகலாம்.

* கரிமருந்துக்கு மாற்றாக விற்கும் மருந்துகள் எல்லாம் ஒரே சக்தி கொண்டவை அல்ல. துப்பாக்கி நிறுவனத்தின் கையேட்டில் சொன்ன மருந்து, சொன்ன அளவு. அதற்கு மேல் வேண்டாம்.

* ஏற்கெனவே கெட்டித்த துப்பாக்கியில் மறந்துபோய் இன்னொரு முறை கெட்டிப்பது அடிக்கடி நடக்கும் தவறு. இதைத் தவிர்க்க, குண்டு சரியாக உள்ளே போனதும் கம்பியில் ஒரு கோடு போட்டு வைப்பார்கள். அடுத்த முறை கோடு வெளியே நின்றால், உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

* விசையை அழுத்தியும் வெடிக்கவில்லையா? உடனே திறந்து பார்க்கக் கூடாது. குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்துக் குறைந்தது ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். தாமதமாக வெடிப்பதும் உண்டு.

எச்-1பி விசாவில் இருப்பவர்கள் கவனத்துக்கு

"ஆபீஸ் நண்பர் கூப்பிட்டார், ஒரு நாள் போயிட்டு வரலாம்னு" என்று கிளம்பும் தமிழர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. முக்கியமான விதிவிலக்கு, அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம். கிரீன் கார்டு இருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

'நண்பரோட ரைஃபிள்தானே, நான் வாங்கலையே' என்ற வாதம் நிற்காது. கையில் வைத்திருப்பதே குற்றம். வழக்கு வந்தால் விசாவுக்கும் சேர்த்து ஆபத்து.

வாய்வழி கெட்டிக்கும் பல துப்பாக்கிகளைக் கூட்டாட்சிச் சட்டம் 'தொன்மைத் துப்பாக்கி' என்று தனியாக வைத்திருக்கிறது. ஆனால் குழலைக் கழற்றி மாற்றித் தோட்டாவும் போடக்கூடிய மாடல் என்றால் அந்தச் சலுகை கிடைக்காது. மாநிலச் சட்டங்களும் வேறுபடும். ஒற்றைத் தோட்டா ரைஃபிள் எல்லா வகையிலும் முழுமையான துப்பாக்கிதான். கடையில் வாங்கப் பின்னணிச் சோதனை உண்டு. சந்தேகம் இருந்தால் வேட்டைக்குக் கிளம்பும் முன்பே வழக்கறிஞரிடம் கேட்பது நல்லது.

உரிமம் வாங்கவும் படிப்பு தேவை. மிசிசிப்பியில் 1972 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். காட்டில் பளிச்சென்ற நிற உடையும் கட்டாயம்.

கடைசியாக: எதை எடுப்பது?

மழை, பராமரிப்பு பற்றிக் கவலை இல்லாமல் சுலபமாக வேட்டையாட வேண்டும், மாநிலச் சட்டமும் அனுமதிக்கிறது என்றால் ஒற்றைத் தோட்டா ரைஃபிள். அடர்ந்த காட்டுக்கு .45-70, திறந்தவெளிக்கு .35 வீலன். பல மாநிலங்களில் பயன்பட வேண்டும் என்றால் .50 காலிபர் இன்லைன். பழைய முறையின் சிரமத்தையே ரசிப்பவருக்கு ஃபிளின்ட்லாக்.

எதை வாங்கினாலும், சீசனுக்கு ஒரு மாதம் முன்பே பயிற்சித் தளத்தில் பல முறை சுட்டுப் பார்த்து, தன்னால் எத்தனை யார்டு வரை தவறாமல் அடிக்க முடிகிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தத் தூரத்துக்கு அப்பால் மான் நின்றால், எவ்வளவு பெரிய கொம்பாக இருந்தாலும், விசையைத் தொடக் கூடாது. காயத்தோடு ஓடும் மான் எங்கோ புதருக்குள் பல மணி நேரம் துடித்துச் சாகும். அதைத் தடுக்க இரண்டாவது குண்டு இந்தத் துப்பாக்கிகளில் உடனே கிடைக்காது.