கொள்ளை நோயும் கூத்தும்: காரைக்கால், அன்றும் இன்றும்

காரைக்கால் மாங்கனித் திருவிழா ஊரே கூடி நடத்தும் நாடகம். பரமதத்தனுக்கு மாப்பிள்ளை அழைப்பு ஒரு காட்சி; காரைக்கால் அம்மையாரான புனிதவதியாரோடு அவனுக்குத் திருக்கல்யாணம் அடுத்த காட்சி; பிச்சை ஏற்கும் சிவனான பிட்சாடனர் வீதியுலா அதற்கும் அடுத்தது. உலா வரும்போது மாடிகளில் இருப்பவர்கள் மாங்கனிகளை இறைப்பார்கள், தெருவில் நிற்பவர்கள் கையேந்திப் பிடிப்பார்கள். தனியாக மேடை கிடையாது. பார்க்க வந்தவர்களுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. 2020 ஆனியில், கொரோனாவால், அந்த நாடகம் பொதுமக்கள் இல்லாமல் கோயிலுக்குள்ளேயே நடந்து முடிந்தது. தெருவில் ஒரு மாங்கனிகூட விழவில்லை.

நோய்க் காலத்தில் கூத்தை நிறுத்துவது இந்தக் கரைக்குப் புதிய வழக்கம். முன்பெல்லாம் நோய் வந்தால்தான் கூத்து வைப்பார்கள். பெரியம்மையோ வாந்திபேதியோ தலைகாட்டினால் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுவார்கள், கஞ்சி வார்ப்பார்கள், விடிய விடியக் கூத்து நடக்கும். அதோடு ஒரு கட்டுப்பாடும் இருந்தது. காப்புக் கட்டிய பின் ஊர் எல்லையைத் தாண்டி வெளியூரில் இரவு தங்கக் கூடாது. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கும். அதைப் பார்த்தவர் உள்ளே வரமாட்டார். ஊர் அடைப்பையும் வீட்டு ஒதுக்கத்தையும் சட்டம் சொல்லாமலே மக்கள் கடைப்பிடித்தார்கள்.

ஆனால் நோய் எதனால் பரவுகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. காலராக் கிருமி குளத்து நீரில் இருப்பதை ராபர்ட் கோக் கல்கத்தாவில் கண்டு சொன்னது 1884இல்தான். கூத்து பார்க்க உட்கார்ந்தவர்கள் தாகத்துக்கு அந்தந்த ஊர்க் குளத்து நீரையே குடித்தார்கள். அன்று மன ஆறுதல் இருந்தது, அறிவு இல்லை. இன்று அறிவு இருக்கிறது. பெரியம்மை இந்தியாவில் 1975இல் ஒழிந்தது. அந்த நோய்க்காகத் தொடங்கிய கூத்துகள் பல ஊர்களில் இன்னும் நடக்கின்றன.

நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கியது 1918இல். இன்ஃபுளுவென்சா இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனதும் அதே ஆண்டில் தொடங்கித்தான். பாய்ஸ் கம்பெனி எனப்பட்ட அத்தகைய குழுக்களில் சிறுவர்கள் ஒரே வீட்டில் உண்டு உறங்கினார்கள். ஒரு பையனின் காய்ச்சல் எல்லோரையும் தொடக்கூடிய வாழ்க்கை அது. அதே 1918இல் நியூயார்க் நகரம் நாடக அரங்குகளை மூடவில்லை. காட்சி நேரங்களை முன்பின்னாக மாற்றிக் கூட்டத்தைப் பிரித்தது. 2020 மார்ச்சில் அதே நகரத்தின் பிராட்வே அரங்குகள் மூடப்பட்டு, ஒன்றரை ஆண்டுக்குப் பிறகே முழு அளவில் திறந்தன.

காரைக்காலில் சட்டமும் இரு காலத்தைக் கண்டது. 1897ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு உரியது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இந்த ஊரில் அது செல்லாது. 1954 நவம்பரில் ஆட்சி இந்தியாவிடம் கைமாறியது. அதற்கு முன்பு எல்லைச் சாவடியில் சுங்கக் காவலர் மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பார். 2020இல் வாஞ்சூரிலும் பூவத்திலும் போலீஸ்காரர் இ-பாஸ் கேட்டார். நாகப்பட்டினத்து மேளக்காரருக்குக் காரைக்கால் கோயில் அடுத்த ஊர்தான். அந்த மாதங்களில் அது அயல்நாடு போலத் தள்ளிப்போனது.

அன்று மேளக்காரருக்குக் கோயில் மானியம் இருந்தது. அறுவடையில் நெல் அளந்தார்கள். கூலி குறைவு, சாதியின் தாழ்வு வேறு. அந்த அமைப்பை யாரும் திரும்பக் கேட்கமாட்டார்கள், கேட்கவும் கூடாது. இன்று கலைஞர் யாருக்கும் கட்டுப்பட்டவர் இல்லை; அச்சாரம் வாங்கி, பேசிய தொகைக்கு ஆடுகிறார். நிகழ்ச்சி நின்றால் வருமானமும் நிற்கும். பங்குனி தொடங்கி ஆடி வரை நீளும் திருவிழாக் காலம்தான் அவர்களுக்கு ஆண்டு முழுவதற்குமான சம்பாத்தியம். 2020, 2021 என அடுத்தடுத்து இரண்டு பருவங்கள் போயின. தமிழ்நாட்டில் நாட்டுப்புறக் கலைஞர்கள் வேடம் கட்டிக்கொண்டே மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களுக்குப் போய் மனுக் கொடுத்தார்கள்.

பிறகு 2022 ஜூலை 3 அன்று காரைக்காலில் காலராவுக்காகப் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது. வயிற்றுப்போக்கால் நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைக்கு வந்தார்கள். பள்ளி, கல்லூரிகளுக்கு மூன்று நாள் விடுமுறை விடப்பட்டது. உணவகங்களில் கொதிக்கவைத்த நீரையே தர வேண்டும் என்று உத்தரவானது. குடிநீர்க் குழாயில் கழிவுநீர் கலந்ததே காரணம் என்றார்கள். அறிவித்த பத்தாம் நாள் ஆனிப் பௌர்ணமி. இரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பின் மாங்கனித் திருவிழா அந்த ஆண்டு மக்களோடு நடந்தது.

ஒரே ஊர், ஒரே விழா. இரண்டு நோய்க்கு இரண்டு முடிவு. இரண்டுமே சரியானவை. மூச்சில் பரவும் நோய்க்குக் கூட்டமே வழி. அப்போது அரங்கை மூடத்தான் வேண்டும், தயங்காமல் முதல் வாரத்திலேயே மூட வேண்டும். நீரில் பரவும் நோய்க்குக் குழாயே வழி. குழாயைச் செப்பனிடாமல் கூத்தை நிறுத்தினால் நோய் நிற்காது. எந்த நோய் எந்த வழியில் வருகிறது என்று நம் முன்னோர் அறிந்திருக்கவில்லை. நாம் அறிந்திருக்கிறோம், அதனால் நம் பொறுப்பு கூடியிருக்கிறது.

அன்றைய ஊர், கலைஞரைத் தாழ்த்தி வைத்தும் நெல் அளந்தது. இன்றைய அரசு அவரைக் குடிமகனாக மதிக்கிறது. படி அளக்கும் கடமையை இன்னும் முழுதாக ஏற்கவில்லை. அடுத்த தொற்று வரும்போது அரங்கை மூடச் சொல்லும் ஆணையிலேயே, எந்த நாளில் மறுபரிசீலனை நடக்கும் என்பதும், அதுவரை கலைஞருக்கு எவ்வளவு தொகை, எந்தத் தேதியில் கிடைக்கும் என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். புதுச்சேரி அரசும் தமிழ்நாடு அரசும் இதைச் சேர்ந்து செய்ய வேண்டும். வாஞ்சூர் சாவடிக்கு இருபுறமும் வாழ்வது ஒரே கலைஞர் கூட்டம்தான்.