எடைக் குறைப்பும் தசை வளர்ப்பும்

எடைக் குறைப்பை நிறுத்தித் தசை வளர்ப்பைத் தொடங்கும் நேரத்தை எடை இயந்திரம் மட்டும் காட்டாது. எடையை (கிலோகிராம்) உயரத்தின் (மீட்டர்) வர்க்கத்தால் வகுத்துப் பெறும் உடல் நிறை குறியெண்ணும் கொழுப்பையும் தசையையும் பிரித்தறியாது.

2004-இல் லான்செட் இதழில் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டன் மருத்துவர் யட்கினும் தம்மையே சான்றாகக் காட்டினர். இருவருக்கும் குறியெண் 22.3. உடல் கொழுப்போ யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு, யட்கினுக்கு 9.1 விழுக்காடு.

ஆகவே வயிற்றுச் சுற்றளவையும் அளக்க வேண்டும். இந்தியருக்கான வரம்புகள்:

* குறியெண்: 23-க்குக் கீழ்
* சுற்றளவு: ஆண்கள் 90 செ.மீ., பெண்கள் 80 செ.மீ.

இரண்டும் மிகுந்தால் எடையைக் குறைக்கலாம். குறியெண் சரியாக இருந்து வயிறு மட்டும் பெருத்திருந்தால், பட்டினி தசையையும் கரைக்கும். அப்போது வாரம் 2 நாளாவது தண்டால், பளுப் பயிற்சி செய்து, பயறு, முட்டை, மீன் உண்பதே ஏற்றது.